கப்பலும் போச்சு, காசும் போச்சா?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் கெச்சிக்கன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சல்மன் மீனுக்கும் ஓயாத மழைக்கும் பெயர்போன ஊர். வெளியூரிலிருந்து அங்கே தரைவழிப் பாதை கிடையாது. கடல் வழியாகவோ ஆகாய வழியாகவோதான் போக முடியும். விமான நிலையமும் எதிரேயுள்ள தீவில் இருப்பதால் அதற்குப் போகப் படகு பிடிக்க வேண்டும். கோடை காலத்தில் மாடி மாடியாய் உயர்ந்த உல்லாசக் கப்பல்கள் இங்கு வந்து சில மணி நேரம் நின்றுவிட்டுப் போகும்.

2024 ஜூலை மாதம் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் அப்படியொரு கப்பலில் இந்த ஊருக்கு வந்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர். சியாட்டில் துறைமுகத்தில் ஏறியவர்கள், மீண்டும் சியாட்டிலிலேயே இறங்க வேண்டும். கெச்சிக்கனில் மரம் வெட்டுவோரின் வேடிக்கைக் காட்சியொன்று பிரபலம். அதைப் பார்க்கும் டிக்கட்டைக் கப்பல் மூலமாகவே வாங்கியிருந்தார்கள். காட்சி முடிந்து திரும்பும்போது பஸ் நிரம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். துறைமுகம் வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை!

ஊருக்குத் திரும்ப அவர்கள் பட்ட பாடும், செய்த செலவும் ஒருபுறம் இருக்கட்டும். அவர்களைத் திகைக்க வைத்தது அதன் பிறகு வந்த பில்தான். ஆளுக்கு 900 டொலருக்கும் மேல், ஒன்பது பேருக்குமாக ஏறத்தாழ 9,000 டொலர் தண்டப்பணம்! அமெரிக்காவின் கடற் சட்டமொன்றை அவர்கள் மீறிவிட்டார்களாம்.

"எங்களை விட்டுவிட்டுப் போனது கப்பல். தண்டம் கட்டுவது நாங்களா?" என்று யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். அந்தக் குடும்பமும் கேட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கேட்டன. இறுதியில், உள்ளூர்ச் சுற்றுலா ஏற்பாட்டாளரின் தகவல் குளறுபடியே காரணம் என்று கப்பல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தண்டப்பணத்தைத் திருப்பித் தருவதாகவும், வீடு திரும்பிய செலவை ஈடுசெய்வதாகவும் அறிவித்தது.

அவர்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தத் தண்டப்பணம் எங்கிருந்து வந்தது? கப்பலைத் தவறவிடுவது ஒரு குற்றமா? பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா என்று நம் பெற்றோரும் பயணப்படும் காலம் இது. நாமும் அறிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்தான்.

1886 ஆம் ஆண்டுப் பழைய சட்டம்

அமெரிக்கக் காங்கிரஸ் 1886 ஆம் ஆண்டில் பிரயாணிகள் கப்பல் சேவைச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. அதன் சாரம் மிகவும் எளிமையானது. அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் இன்னொரு துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் பிரயாணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. உள்நாட்டுக் கரையோரப் போக்குவரத்து முழுவதும் உள்நாட்டுக் கப்பல்களுக்கே சொந்தம்.

ஆரம்பத்தில் மீறிய கப்பலுக்கு ஒரு பிரயாணிக்கு 2 டொலர் வீதம் தண்டம். கப்பற்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கட்டிவிட்டுப் போய்விடக் கூடும் அல்லவா? எனவே 1898 இல் அதை 200 டொலர் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அரசாங்கத் தண்டங்களை விலைவாசிக்கு ஏற்ப வருடந்தோறும் உயர்த்த வேண்டும் என்று 2015 இல் வேறொரு சட்டம் வந்தது. அதன்படி ஏறி ஏறித்தான் இத்தொகை 900 டொலரைத் தாண்டியது.

நூறு வருடத்துக்கு முந்திய சட்டமென்றால் இன்றைய உல்லாசக் கப்பல்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? காரணம் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய உல்லாசக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கப்பல்கள். அவற்றை நடத்தும் கம்பனிகளின் காரியாலயங்கள் மியாமியில் இருக்கும். ஆனால் கப்பல் கட்டப்பட்டது ஜேர்மனியிலோ, இத்தாலியிலோ, பிரான்ஸிலோ, பின்லாந்திலோ இருக்கும். அதன் கொடி பஹாமாஸ், பனாமா, மோல்டா, பெர்முடா என்று ஏதாவதொரு நாட்டுடையதாக இருக்கும். வரியும் சம்பளமும் குறையும் என்பதற்காகக் கப்பற்காரர்கள் செய்யும் ஏற்பாடு இது. அமெரிக்கக் கொடி வேண்டுமானால் கரையோரச் சேவைக்கான கப்பலை அமெரிக்காவிலேயே கட்ட வேண்டும். உரிமையும் ஊழியரும் அமெரிக்கருடையதாக இருக்க வேண்டும். செலவு பலமடங்காகிவிடும்.

அமெரிக்கக் கொடியுடன் ஓடும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெயர் 'பிரைட் ஒஃப் அமெரிக்கா'. ஹவாய்த் தீவுகளைச் சுற்றி வருவது. அதற்கும் ஒரு கதையுண்டு. அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் கட்ட ஆரம்பித்த கப்பல், வேலை நின்றுபோய், ஜேர்மனியில் முடிக்கப்பட்டு 2005 இல் சேவைக்கு வந்தது. காங்கிரஸ் விசேட சலுகை கொடுத்ததால்தான் அமெரிக்கக் கொடி கிடைத்தது.

'அருகில்', 'தூரத்தில்' என்ற கணக்கு

அப்படியானால் வெளிநாட்டுக் கப்பல்கள் அமெரிக்காவிலிருந்து எப்படி ஓடுகின்றன என்று நீங்கள் கேட்பீர்கள். விதியிலேயே அதற்கு வழியிருக்கிறது. ஏறிய துறைமுகத்திலேயே வந்து இறங்குவதாக இருந்தால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலே போதும். அது கனடாவோ மெக்ஸிகோவோ போன்ற அண்டை நாடாக இருக்கலாம். ஒரு துறைமுகத்தில் ஏறி வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குவதாக இருந்தால் அது போதாது. 'தூரத்து' வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் கப்பல் நின்றாக வேண்டும்.

எது அருகு, எது தூரம்? வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, பெர்முடா, மேற்கிந்தியத் தீவுகள் எல்லாம் அருகு. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளிலேயே அரூபா, பொனேர், குராசோ மூன்றும் மட்டும் தூரம்! தென் அமெரிக்காவும் தூரம்தான். புளோரிடாவில் ஏறிப் பனாமாக் கால்வாய் வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கும் கப்பல்கள் கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனாவில் நின்று போவதன் இரகசியம் இதுதான். அந்தப் பழைய ஊரின் அழகுக்காக மட்டுமல்ல, சட்டத்துக்காகவும்தான்.

அலாஸ்காக் கப்பல்களும் அப்படியே. சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல், வழியில் கனடாவின் விக்டோரியாவில் நின்றுவிட்டு வரும். பல சமயம் அது இரவு நேரமாக இருக்கும். கடைகள் மூடும் வேளையில் கப்பல் ஏன் அங்கே போய் நிற்கிறது என்று பிரயாணிகள் யோசிப்பார்கள். சட்டம் நிற்கச் சொல்கிறது; கப்பல் நிற்கிறது.

இப்போது அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருவோம். அவர்கள் ஏறியது சியாட்டில். விக்டோரியாவுக்குப் போகுமுன் கெச்சிக்கனில் தவறிப் போனார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சியாட்டிலில் ஏறிக் கெச்சிக்கனில் இறங்கியவர்கள். இரண்டும் அமெரிக்கத் துறைமுகங்கள். இடையில் தூரத்து நாடு எதுவும் இல்லை. விருப்பத்துடன் இறங்கினார்களா, பஸ் வராமல் தவித்தார்களா என்பதையெல்லாம் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தண்டம் விழுந்துவிட்டது.

இதே குடும்பம் மெக்ஸிகோவிலோ கனடாவிலோ கப்பலைத் தவறவிட்டிருந்தால் இந்தத் தண்டமே வந்திருக்காது. அமெரிக்காவில் ஏறி வெளிநாட்டில் இறங்கியதாக அல்லவா கணக்காகும்! சொந்த நாட்டுக்குள் தவறியதுதான் அவர்கள் செய்த 'குற்றம்'.

ஓர் உம்மாவும் மகளும்

நம்மவர் ஒருவரை வைத்துப் பார்த்தால் விளங்கும். கண்டியிலிருந்து ஓர் உம்மா, சியாட்டிலில் இருக்கும் மகளிடம் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருமகன் எல்லோருக்கும் அலாஸ்காக் கப்பலில் இடம் பதிவு செய்ய நினைக்கிறார்.

"உம்மாவுக்குக் கனடா வீஸாவும் எடுக்கோணும்" என்கிறாள் மகள்.

"என்ன மகள், நாங்க அமெரிக்காவுக்குள்ளதானே சுத்தப் போறோம்? கனடா வீஸா என்னத்துக்கு?"

"கப்பல் ஒரு தரமாவது வெளிநாட்டில நிக்கத்தான் வேணும் உம்மா. சட்டம் அப்படி."

மகள் சொல்வது சரி. அமெரிக்கப் பிரஜைகளுக்கு இது பெரிய பிரச்சினையல்ல. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவருக்கோ, கப்பல் கனடாவில் சில மணி நேரமே நின்றாலும், அவர் கரையில் இறங்காவிட்டாலும், கனடா வீஸா கேட்கப்படும். அது இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். அமெரிக்க வீஸா ஒருமுறை மட்டும் நுழையக் கூடியதா, பலமுறை நுழையக் கூடியதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கனடாவுக்குப் போய் வரும்போது அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதாகவே ஆகும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இவர்கள் வரும் வழியில் தாமதப்பட்டுச் சியாட்டிலில் கப்பலைத் தவறவிடுகிறார்கள். "பரவாயில்லை, விமானத்தில் பறந்து போய்க் கெச்சிக்கனில் ஏறிக்கொள்வோம்" என்று மருமகன் சொல்கிறார். நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் அதுவும் முடியாது. கெச்சிக்கனில் ஏறிச் சியாட்டிலில் இறங்கினால் இரண்டு வெவ்வேறு அமெரிக்கத் துறைமுகங்கள், இடையில் விக்டோரியா மட்டும்தான், அது 'அருகு'. கப்பற்காரர்கள் ஏற்ற மறுப்பார்கள், அல்லது தண்டப்பணத்தை உங்கள் கணக்கில் போடுவார்கள்.

ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணங்களைப் பதிவு செய்பவர்களும் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வான்கூவருக்கு ஒரு பயணம். அதே கப்பலில் வான்கூவரிலிருந்து சியாட்டிலுக்கு இன்னொன்று. டிக்கட் இரண்டு, பணம் கட்டியதும் இரண்டு தடவை. ஆனாலும் சட்டம் அதை லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டிலுக்குப் போன ஒரே பயணமாகத்தான் பார்க்கும்.

தண்டம் யாருக்கு? கட்டுவது யார்?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் வருகிறது. சட்டம் பிரயாணிக்குத் தண்டம் விதிப்பதில்லை. கப்பலுக்குத்தான் விதிக்கிறது. அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள் பில்லைக் கப்பல் கம்பனிக்குத்தான் அனுப்புவார்கள்.

பிறகு எப்படி அது பிரயாணியின் தலையில் விழுகிறது? டிக்கட் வாங்கும்போது நாம் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தால்தான். பக்கம் பக்கமாகச் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஒப்பந்தத்தில், 'பிரயாணியால் கப்பலுக்கு ஏற்படும் தண்டம் முதலியவற்றைப் பிரயாணியே செலுத்த வேண்டும்' என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கும். கப்பலில் செலவுக்காக நாம் முதலிலேயே கடனட்டை இலக்கத்தைக் கொடுத்திருப்போம். அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சிறிய எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர், லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெக்ஸிகோவுக்குக் கப்பலில் போனார்கள். கப்பலின் சமையலறையைச் சுற்றிக் காட்டியபோது மனைவி வழுக்கி விழுந்து காயப்பட்டார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். 'வழக்குகள் புளோரிடா மாநிலத்தில்தான் தொடரப்பட வேண்டும் என்று டிக்கட்டில் அச்சிட்டிருக்கிறோமே' என்றது கம்பனி. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு! வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1991 இல் நீதிபதிகளில் ஏழு பேர் கம்பனியின் பக்கமும் இருவர் மட்டும் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. டிக்கட்டில் அச்சிட்டது அச்சிட்டதுதான் என்றாகிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி?

அதற்காக மனம் தளர்ந்துவிட வேண்டியதில்லை. இரண்டு கதவுகள் இருக்கின்றன.

முதற் கதவு அரசாங்கத்தினுடையது. வேண்டுமென்றே செய்யாத, கவனக் குறைவில்லாத மீறல்களில் தண்டத்தைக் குறைக்கவோ முற்றாகத் தள்ளுபடி செய்யவோ சுங்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பில் கப்பலின் பெயரில் வருவதால் மனுவும் கப்பல் கம்பனியிடமிருந்துதான் போக வேண்டும். நடுவழியில் கடுமையான நோய் கண்டு இறங்க நேரிட்டால், வைத்தியசாலைக் கடிதங்களைக் கம்பனியிடம் கொடுத்து, "எங்களுக்காக மனுச் செய்தீர்களா? அதன் முடிவு என்ன?" என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். பிரயாணி பணத்தைக் கட்டிய பிறகு அரசாங்கம் தள்ளுபடி செய்தால், அந்தப் பணம் கம்பனியின் கையில் நிற்பதில் நியாயமில்லை. கேட்டு வாங்க வேண்டிய பணம் அது.

இரண்டாவது கதவு கம்பனியினுடையது. தவறு யாருடையது என்பதே இங்கு முக்கியம். அந்த ஒன்பது பேரும் கப்பல் மூலம் வாங்கிய சுற்றுலாவில்தான் போயிருந்தார்கள். கப்பல் விற்ற சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் வழமையான வாக்குறுதி. அந்த டிக்கட் அவர்களிடம் இருந்தது. அதுவே அவர்களுக்குப் பலமான அத்தாட்சியானது. கரையில் இறங்கி, மலிவாகக் கிடைக்கிறதென்று தெருவில் ஒரு வாகனத்தைப் பேசிப் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது இத்தகைய பயணம் போவதானால் இந்தச் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள்:

டிக்கட் ஒப்பந்தத்தில் 'தண்டம்', 'தாமதம்', 'முறைப்பாடு' பற்றிய பகுதிகளையாவது வாசித்துவிடுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். முறைப்பாடு அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதைக் குறித்து வையுங்கள். அவகாசம் கடந்தால் நியாயமும் கடந்துவிடும்.

கரையில் இறங்கும்போது கடவுச்சீட்டு, அன்றாட மருந்துகள், கொஞ்சம் காசு, துறைமுகத்திலுள்ள கப்பல் முகவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இலக்கம் கப்பலில் தரும் தினசரித் தாளில் இருக்கும்.

கப்பலின் நேரமும் கரையின் நேரமும் வேறுபடலாம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தவறிவிட்டால் முதலில் கப்பல் முகவரிடம் பேசுங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன பேசினீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது, கப்பலைத் தவறவிட்டால் ஏற்படும் செலவும் தண்டப்பணமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அடங்கும் என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

கடனட்டையில் தண்டம் கழிக்கப்பட்டிருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நாளுக்கு என்று விபரம் கேளுங்கள். விபரம் கிடைக்காவிட்டால் வங்கியிடம் ஆட்சேபனை தெரிவிக்கலாம்.

சட்டம் அசையுமா?

இந்தப் பழைய சட்டம் சற்றே விலகிய சந்தர்ப்பங்களும் உண்டு. 1984 இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் இடையில் சலுகை கொடுத்தார்கள். கொவிட் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. விக்டோரியாவில் நிற்க வழியில்லை. எனவே அலாஸ்காவுக்குக் கப்பலும் இல்லை. கப்பல் பிரயாணிகளை நம்பிக் கடை வைத்திருந்த கெச்சிக்கன் போன்ற ஊர்கள் வருமானமின்றித் தவித்தன. 2021 மே மாதத்தில் காங்கிரஸ் ஒரு தற்காலிகச் சட்டத்தை இயற்றி, கனடாவில் நிற்காமலே கப்பல்கள் அலாஸ்கா போக வழிசெய்தது. அவசியம் வந்தபோது சட்டம் அசைந்தது. அதே ஆண்டில் செனட்டர் மைக் லீ என்பவர் 1886 ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. உள்நாட்டுக் கப்பற் தொழிலையும் மாலுமிகளின் வேலையையும் காப்பது இச்சட்டம்தான் என்று வாதிடுவோரின் கை ஓங்கியிருக்கிறது.

அந்த வாதத்தில் நியாயமில்லாமலும் இல்லை. சொந்த நாட்டு உழைப்பாளிகளைக் காக்க ஒவ்வொரு நாடும் விரும்பும். ஆனால் கம்பனிகளைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டத்தின் சுமை, கடைசியில் துறைமுகத்தில் பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயின் கைப்பையில் வந்து விழுகிறதே, அதுதான் யோசிக்க வைக்கிறது.

அந்த ஒன்பது பேருக்கும் பணம் திரும்புவதற்குக் காரணம் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான். டிக்கட்டைக் காட்டினார்கள், நடந்ததைச் சொன்னார்கள், "தவறு எங்களுடையதல்ல" என்று உரத்துக் கேட்டார்கள். நம் வீடுகளில் நடப்பதென்ன? மின்சார பில் கூடி வந்தாலும், கடையில் கணக்குப் பிழைத்தாலும், "போகட்டும், நமக்கேன் வம்பு" என்று கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பற்றுச்சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுப் பிறகு தேடுகிறோம்.

நாளைக்கே கப்பலேறப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? மிகச் சிலர்தான். ஆனால் ஒப்பமிடுமுன் வாசிப்பதும், பற்றுச்சீட்டைப் பேணுவதும், நியாயமான பணத்தை மரியாதையோடும் உறுதியோடும் திருப்பிக் கேட்பதும் கரையில் இருப்பவர்களுக்கும் வேண்டிய பழக்கங்கள். அலுமாரியில் ஒரு கோப்பை இன்றே எடுத்து வையுங்கள். பில்லும் பற்றுச்சீட்டும் அதில் சேரட்டும். என்றாவது ஒருநாள் அது கைகொடுக்கும்.